சிங்கத்தின் விரதமும் வழியை மறித்த நாற்றுமுடிகளும்

வேங்கைவனம் என்னும் காட்டில் விலங்குகள் கூடி நெல் விளைத்தன. எருமைக்கடாக்கள் ஏர் உழுதன. சேவல்கள் விடியலைக் கூவின. ஆட்டுக்கிடாக்கள் வரப்பில் நின்று மழையைப் பற்றி வாதிட்டன. நாற்றுப் பறிப்பது, நடுவது, களையெடுப்பது, அறுப்பது ஆகிய எஞ்சிய சில்லறை வேலைகளைப் பெண் விலங்குகள் பார்த்துக்கொண்டன.

அக்காட்டின் அரசனாகிய சிங்கத்துக்கு முதுமையில் பக்தி முற்றிற்று. மான்களைக் கொன்ற பாவம் தீர நாள்தோறும் காலையில் நீராடுவதென்றும், நீராடாமல் வாயில் ஒன்றும் வைப்பதில்லை என்றும் விரதம் பூண்டது. நீராடியதும் அதற்குப் பசித்தது. பசித்ததும் ஒரு மானைக் கொன்றது. அந்தப் பாவம் தீர மறுநாளும் நீராடிற்று. இவ்வாறு அதன் அனுட்டானம் ஒருநாளும் தவறாமல் நடந்துவந்தது.

திருமேனி முழுதும் நனையப் பெரிய குளம் வேண்டுமென்று, மந்திரியாகிய நரி ஓடைநீரை வயல் வாய்க்காலிலிருந்து குளத்துக்குத் திருப்பிவிட்டது. நாற்றங்காலில் நாற்று வெளுக்கத் தொடங்கிற்று. சில நாளுக்குள் நடாவிட்டால் அவ்வாண்டு விளைச்சலே இல்லை.

கரியாள் என்னும் எருமை அரண்மனை வாயிலுக்குச் சென்று முறையிட்டது.

"நீ யார்?" என்றது நரி.

"பயிர் செய்பவள்."

"ஏர் பிடிப்பவர் உன் கணவர் அல்லவா? உழவருக்காக உழவரே வந்து பேசட்டும். நீ போய் அவருக்குக் கூழ் காய்ச்சு!"

கரியாள் தன் கணவனாகிய கடாவை அனுப்பியது. நரி கடாவை எதிர்கொண்டு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, மாலை சூட்டி, விருந்தும் வைத்தது. பொழுது சாயும் வேளையில் கடா ஏப்பம் விட்டபடி திரும்பி வந்தது.

"தண்ணீர் கேட்டீரா?" என்றது கரியாள்.

"கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் புண்ணாக்கை வைத்துவிட்டார்கள்!"

"சூட்டிய மாலை எங்கே?"

"சாமந்தி மாலை. வழியில் பசித்தது."

மறுநாள் பெண் விலங்குகள் நாற்றங்காலில் கூடின.

"இனி நம் கணவன்மாரை அனுப்பினால் அவர்கள்தாம் பெருப்பார்கள்!" என்றது கோழி. "நடவுப் பெண்கள் வழியே போகிறவர் காலடியில், பறித்துக் கட்டிய நாற்றுமுடியை வைத்தால், கேட்டதைக் கொடுக்காமல் அவர் அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பாவம். அது நம் வழக்கம். அரசரை மறிப்போம்!"

"மறிப்பது இருக்கட்டும், அக்கா. நம்மைத் தின்றுவிட்டால்?" என்றது மான். நாள்தோறும் சுற்றத்தில் ஒருவரை இழப்பதால் அதற்கு அந்தக் கவலை.

கரியாள் அசைபோடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னது: "நீராடப் போகும்போது மறித்தால் தின்ன மாட்டார்; விரதம். நீராடித் திரும்பும்போது மறித்தால் நாம்தான் பிரசாதம்!"

குளத்துக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையின் இருபுறமும் முள்வேலி. அடுத்த நாள் காலை, சிங்கம் கண்ணை மூடித் திருநாமங்களை முணுமுணுத்தபடி அவ்வழியே வந்தது. நரி பின்னால் பொன்னாடைகளைச் சுமந்து வந்தது. கரியாள் ஒரு நாற்றுமுடியை அரசன் காலடியில் வைத்தது.

"நடவுப் பெண்கள் கேட்கிறோம், அரசே! கொடுத்துவிட்டுப் போங்கள்!"

சிங்கம் கண்ணைத் திறந்தது. "மந்திரி, இதைத் தாண்டினால் என்ன?"

"சிறிய பாவந்தான், அரசே! குளத்தில் ஒரு முழுக்குப் போட்டால் கரைந்துவிடும். தாண்டுங்கள்!"

சிங்கம் தாண்டிற்று. எதிரே வாத்து வைத்த முடி இருந்தது. அதையும் தாண்டிற்று. எதிரே மான் வைத்த முடி. அதற்கப்பால், குளக்கரை வரையிலும், முடிக்குப் பின் முடி. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு பெண். கோழி ஓடிவந்து சிங்கத்தின் பின்னாலும் ஒன்றை வைத்தது.

சிங்கத்துக்கு வியர்த்தது. "மந்திரி, ஒரு முழுக்குக்கு எத்தனை பாவம் போகும்?"

"அது... முழுக்கின் ஆழத்தைப் பொறுத்தது, அரசே!"

"குளத்தில் தீர்வதைவிடக் குளத்துக்குப் போகும் வழியில் அதிகம் சேரும் போலிருக்கிறதே! மான்களைத் தின்றதற்கே இன்னும் பாக்கி இருக்கிறது!"

"நிறைய இருக்கிறது, அரசே," என்றது மான் பணிவாக.

"அதோ, மானுக்கு அடுத்தாற்போல் முடியே இல்லை!" என்று நரி துள்ளிற்று.

அவ்விடத்தில் வெள்ளாடு தலைகுனிந்து நின்றது. வாயோரத்தில் ஒரு நாற்றுத்தாள் தொங்கிற்று.

"அடி பாவி, தின்றுவிட்டாயா?" என்றது கோழி.

"விடியலிலிருந்து கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அக்கா. அது வேறு மணக்கிறது!" என்ற ஆடு, சட்டென்று பாதையின் குறுக்கே தானே படுத்துக்கொண்டது. "முடி என் வயிற்றில் இருக்கிறது, அரசே. என்னைத் தாண்டினாலும் அதைத் தாண்டியதாகவே கணக்கு!"

சிங்கம் அந்தக் கொழுத்த ஆட்டைப் பார்த்தது, எச்சிலை விழுங்கிற்று. நீராடவில்லை, உண்ண வழியில்லை. வயிறு உறுமிற்று.

"என்னதான் வேண்டும்? சொல்லித் தொலையுங்கள்!"

"ஆளுக்கொரு பொன்னாடை!" என்று நரி முந்திக்கொண்டது.

"சேற்றில் புரளுகிறவளுக்குப் பொன்னாடை எதற்கு?" என்றது கரியாள். "ஓடைநீர் முதலில் வயலுக்கு, மிஞ்சியது குளத்துக்கு. இனி வாய்க்காலில் கை வைக்குமுன் எங்களை அழைத்துக் கேட்க வேண்டும்!"

"கொடுத்தேன்! அரச வாக்கு. வழிவிடுங்கள்!"

"வாக்கை ஊன்றினால் வேர் பிடிக்காது, அரசே. தண்ணீர் வயலை எட்டட்டும், எடுத்துவிடுகிறோம்."

சிங்கம் நரியை ஒரு பார்வை பார்த்தது. நரி ஓடிற்று. வாய்க்காலை அடைத்திருந்த கற்களைத் தானே புரட்டிற்று. வெயில் ஏறிற்று. முன்னும் பின்னும் அடியெடுத்து வைக்க இடமின்றி, வாலைச் சுருட்டிக்கொண்டு, வெறும் வயிற்றோடு சிங்கம் நின்றது. அதைவிட மெய்யான தவத்தை அது வாழ்நாளில் செய்ததில்லை.

உச்சிவேளையில் நீர் வயலுக்குள் சலசலத்தது. கரியாள் போய் வயலில் இறங்கிக் காலை நனைத்துப் பார்த்துத் திரும்பி வந்த பின்பே தலையசைத்தது. பெண் விலங்குகள் முடிகளை அள்ளிக்கொண்டு வயலுக்கு விரைந்தன. ஓடைநீர் வயலுக்குத் திரும்பியதால் குளத்தில் எஞ்சிய கணுக்காலளவு நீரில் சிங்கம் புரண்டு புரண்டு நீராடி எழுவதற்குள், மானும் ஆடும் வெகு தொலைவிலிருந்த வயலில் நட்டுக்கொண்டிருந்தன.

தம் வயலுக்கு வேண்டியதை உழைப்பவர் கூடி நின்று தம் வாயாலேயே கேட்க வேண்டும். பிறர் வாயிடம் ஒப்படைத்தால் நிறைவது அவர் வயிறு மட்டுமே.