எறும்பு சொன்ன சாட்சி

கன்னலூர் ராஜா குலோத்தமன் எந்த நாட்டோடும் சண்டைக்குப் போனதில்லை. அவருக்கு நேரம் ஏது? விடிந்தால் அதிரசம், மதியம் பால்கோவா, பொழுது சாய்ந்தால் பாகில் ஊறிய அப்பம். தான் மட்டும் தின்றாலாவது பரவாயில்லை. சபை கூடியதும் ஒவ்வொருவர் வாயிலும் தன் கையாலேயே ஓர் அதிரசம் ஊட்டிவிடுவார். வேண்டாம் என்றால் ராஜ அவமதிப்பு! பிறநாட்டுத் தூதர்களுக்கோ ஊட்டியது போகக் கூடை கூடையாகக் கட்டியும் கொடுப்பார். அந்த நாடுகளிலும் இந்தப் பழக்கம் தீயாய்ப் பரவிவிட்டது.

கன்னலூரில் இன்னொரு வழக்கமும் உண்டு. ராஜா எழுந்தால் சபையே எழ வேண்டும். அவர் கொல்லைப்பக்கம் போனால் எல்லாரும் பின்னாலேயே போக வேண்டும். முன்பெல்லாம் மரியாதைக்காகப் போனார்கள். இப்போதோ, ராஜா எப்போது எழுவார் என்று காலைப் பின்னிக்கொண்டு தவித்தார்கள். சபையில் பாதிப் பொழுது செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பதிலும், மீதிப் பொழுது கொல்லையில் வரிசை நிற்பதிலும் கழிந்தது.

அந்தச் சபையின் மதியூகி விடங்கன். அவன் அக்காள் புருஷன் குப்பாண்டிதான் அரண்மனை வைத்தியர். பாவம், ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவர் வாயைத் திறந்துவிட்டார்.

"மகாராஜா, உங்களுக்கு நீரிழிவு. இனிப்பை நிறுத்துங்கள். பல்லக்கை விட்டு இறங்கி நடங்கள்."

மடைப்பள்ளி அதிகாரி தாண்டவராயர் துள்ளி எழுந்தார். இனிப்பு நின்றால் அவர் அதிகாரம் என்னாவது?

"ராஜதுரோகம்! மலை மாதிரி இருக்கும் மகாராஜாவை நோயாளி என்கிறாரே!"

"மகாராஜாவுக்கு மட்டுமில்லை, இந்தச் சபையில் எல்லாருக்குமே அதுதான்," என்றார் வைத்தியர்.

சபை மொத்தமும் தரையைப் பார்த்தது.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நாளைக் காலை எனக்குச் சாட்சி வேண்டும். என் கையால் எதுவும் வாங்கித் தின்னாத சாட்சி. எனக்குப் பயப்படாத சாட்சி. பொய் சொல்லவே தெரியாத சாட்சி. வராவிட்டால் வைத்தியர் தலை தப்பாது!"

விடங்கனுக்கு அக்காவின் முகம் கண்முன் வந்து நின்றது. "நான் கொண்டுவருகிறேன், மகாராஜா," என்று சொல்லிவிட்டான்.

வெளியே வந்ததும் வைத்தியர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியொரு பிறவி இந்த ஊர்ல எங்க இருக்கு மச்சான்?"

"நிறைய இருக்கு அத்தான். எனக்குக் கொஞ்சம் மண்கலயம் மட்டும் வாங்கிக் குடுங்க."

மறுநாள் காலை ராஜா எழுந்தார். வழக்கம்போல் சபையும் எழுந்தது. கொல்லை வாசலில் நின்ற விடங்கன் ஆளுக்கொரு கலயத்தை நீட்டினான். நிரம்பித் திரும்பி வந்த கலயங்களில் சுண்ணாம்பால் பெயர் எழுதி முற்றத்தில் வரிசையாக வைத்தான். தாண்டவராயர் மட்டும் தன் கலயத்தைத் தானே கொண்டுவந்து வைத்தார்.

"சாட்சி எங்கே?" என்று உறுமினார் ராஜா.

"வந்துகொண்டே இருக்கிறார்கள், மகாராஜா. சின்னக் கால்கள், கொஞ்சம் நேரமாகும்."

சுவர் ஓட்டையிலிருந்து ஓர் எறும்பு எட்டிப் பார்த்தது. பின்னாலேயே ஒரு படை இறங்கியது. விடங்கன் தனியாகக் கேட்டு வாங்கி வைத்திருந்த குதிரைக்காரன் மாடனின் கலயம்தான் முதலில் இருந்தது. அதிரசம் கிடைக்காதவன், நாள் முழுக்கக் குதிரையோடு ஓடுகிறவன். எறும்புகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே ராஜாவின் கலயத்தில் ஏறின. அமைச்சர்கள் கலயத்தில் மொய்த்தன. தாண்டவராயர் கலயத்தில் தேர்த்திருவிழாதான்!

"இவனே சர்க்கரையைப் போட்டிருப்பான்!" என்று கத்தினார் தாண்டவராயர்.

"ஐயா, உங்கள் கலயத்தை நீங்கள்தானே இங்கே கொண்டுவந்து வைத்தீர்கள்? நான் கேட்டும் கையை விட்டுத் தரவில்லையே!"

ராஜா குனிந்து பார்த்தார். "தூதர்கள் கலயத்திலுமா?"

"எல்லா நாட்டுத் தூதர்கள் கலயத்திலும், மகாராஜா. ஒரு வாளைக்கூட உருவாமல் உலகத்தையே வளைத்துவிட்டீர்கள்!"

ராஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தொந்தி குலுங்கியது, கிரீடம் சரிந்தது. "வைத்தியர் தலை வைத்தியரிடமே இருக்கட்டும். எனக்கு அது வேண்டும். தாண்டவராயரே, நாளையிலிருந்து என்னோடு கோட்டையைச் சுற்றி நடக்க வாரும்!"

விடங்கனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் ராஜாவின் கை பழைய பழக்கத்தில் தட்டுக்குப் போய்விட்டது. "சபாஷ் விடங்கா! இந்தா, வாயைத் திற!"

வாயைத் திறந்தால் நோய், மூடினால் அவமதிப்பு.

விடங்கன் வரிசையின் கடைசிக் கலயத்தைக் காட்டினான். அதிலும் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. "அது அடியேனுடையது, மகாராஜா," என்றான். பிறகு கைகூப்பினான்.

"அந்த அதிரசத்தைச் சாட்சிகளுக்கே போடுங்கள். தீர்ப்புதான் வந்துவிட்டதே, இனி அவை உங்கள் கையால் தாராளமாக வாங்கித் தின்னலாம்!"