தூணுக்குச் சொன்ன ரகசியம்

மருதங்கோட்டையை ஆண்ட வீரகேசரி ராஜா ஒரு பைத்தியக்காரச் சட்டம் போட்டிருந்தார். அரண்மனையில் அவரவர் தொழில் சூட்சுமம் அவரவருக்கு மட்டும்தான். இன்னொரு மனுஷன் காதில் சொன்னால் சவுக்கடி!

சமையற்காரருக்குக் காய்ச்சல் என்றால் அரண்மனையே பட்டினி. சாவிக்காரர் மாமியார் வீட்டுக்குப் போனால் ராணியம்மாவுக்கு நகை கிடையாது.

"தெரிஞ்சதை நாலு பேருக்குச் சொல்லிவைக்கட்டும் அரசே! அரண்மனை ஓட்டமா ஓடும்" என்பார் விகடகவி அம்பலவாணர்.

"ஓடுமாம், ஓட்டம்! போய் வேலையைப் பாருமய்யா" என்பார் ராஜா.

ஒருநாள் யானைமேல் நகர்வலம். நல்ல வெயில். தெருவுக்குத் தெரு மோர் கொடுத்தார்கள், ராஜாவும் மறுக்காமல் குடித்தார். அரண்மனை வாசலுக்குத் திரும்பியபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. குடித்த மோரெல்லாம் வெளியே வர வழி கேட்டது.

"யானையை உட்கார வையடா, சீக்கிரம்!"

பாகன் மாடக்கண்ணு வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. வழியெல்லாம் "விலகு, விலகு" என்று கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. யானையை உட்கார வைக்கும் ரகசியச் சொல்லை அவன் கிசுகிசுத்தது பட்டத்துப் பெண்யானைக்குக் கேட்கவில்லை.

"அந்தச் சொல்லை யார்கிட்டயாவது சொல்லித் தொலையேன்!"

மாடக்கண்ணு தன் முதுகைத் தொட்டுக் காட்டினான். சவுக்கடி!

"சட்டம் ரத்து!" என்று அலறினார் ராஜா.

"முத்திரை குத்தினால்தானே ரத்து, அரசே?" என்றார் மந்திரி. "முத்திரை இருக்கிற இடம் முத்திரைக்காரருக்குத்தான் தெரியும். அவர் மகனுக்குப் பெண் பார்க்கப் போயிருக்கிறார்."

"ஏணி?"

"ஏணிக்காரரும் துணைக்குப் போயிருக்கிறார்."

"ஐயோ அம்பலவாணரே, மானம் போகப்போகுதய்யா!"

அம்பலவாணர் பாகனை வாசல் தூணிடம் இழுத்துப் போனார். "மனுஷன் காதிலேதானே சொல்லக்கூடாது? தூணுக்குச் சொல்லப்பா."

பாகன் தூணிடம் கிசுகிசுத்தான். தூணுக்குப் பின்னால் சபையே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. உடனே மந்திரியும் தளபதியும் முறுக்கு மீசை துடிக்க ஒரே குரலில் கத்தினார்கள்:

"குந்துடி செல்லம்!"

யானை பொத்தென்று குந்தியது. கிரீடம் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் பறக்க, ராஜா கொல்லைப்புறம் பாய்ந்தார்.

திரும்பி வந்தபோது முகம் பளிச்சென்றிருந்தது. "இனிமே எல்லாரும் தொழிலைத் தூணுக்குச் சொல்லணும். மத்தவங்க பின்னால நின்னு கேட்கணும்! அம்பலவாணரே, என்ன வேணும்?"

"நான் சொன்னது சரின்னு ஒத்துக்கிட்டா போதும் அரசே. நாலு பேருக்குத் தெரிஞ்சா அரண்மனை ஓட்டமா ஓடும்னேன். நம்பலையே நீங்க. இப்போ முதல் ஆளா ஓடினது யாரு?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலை அம்பலவாணருக்கு, பூமாலை தூணுக்கு!