தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

ஐந்நாட்டுக் கூட்டை விட்டு விலகலாமா என்று கரைநாட்டில் ஓட்டுப் போடச் சொன்னார்கள். மேல்மலையில் ஊர் ஊராக வேண்டாம் என்றே போட்டார்கள். என்ன புண்ணியம்? கீழே சமவெளியில் தலைகள் அதிகம். கரைநாடு கூட்டை விட்டு வெளியே வந்தது. மேல்மலை கரைநாட்டைச் சேர்ந்ததாயிற்றே, அதையும் இழுத்துக்கொண்டுதான் வந்தது.

பிறகு கூட்டு நாடுகளுக்குப் போகும் ஆற்றுப் பாலத்தில் கரைநாட்டாரின் கதவு ஒன்று முளைத்தது. அக்கரைச் சந்தைக்குப் போக வேண்டிய மலை மிளகு அந்தக் கதவருகே நனைந்து பூஞ்சை பிடித்தது. பலாப்பழம் வண்டியிலேயே அழுகியது. மலைக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. இனி உங்கள் சகவாசமே வேண்டாம், நாங்கள் தனிநாடு என்று கிளம்பிவிட்டார்கள். மலைச்சபையில் கையும் தூக்கியாகிவிட்டது.

சபைக்குத் தலைவர் தவசிமுத்து. அறுபதை நெருங்கும் மனுஷன், ஊர் ஊராகப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தது. வீட்டிலோ நிம்மதியில்லை. மகள் செம்பகத்தைக் கட்டிக்கொடுத்திருப்பது சமவெளியில். அவளுக்குத் தலைப்பிரசவம். அடுத்த மாதம் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அதற்குள் மலையடிவாரத்தில் மேல்மலையின் கதவு ஏறிவிடும். அதை அங்கே நட்டு நிறுத்தப்போகிறவரே அவர்தான். இந்த முடிவெடுத்த நாளிலிருந்து மனைவி அவருக்குச் சோறு போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை.

கதவை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர் நேராகக் கணவாய் மடத்துக்கு வந்தார். மடத்து அம்மைக்கு அவரைவிட வயது குறைவு, நாற்பது தாண்டியிருந்தால் அதிகம். ஆனாலும் தவசிமுத்துவுக்கு அவர்தான் குரு. அம்மை அப்போது புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணே. என்ன இது, இப்படி இளைச்சுப்போயிட்டீங்க?"

"அதை விடுங்கம்மா. கதவு தயாராயிடுச்சு. வேங்கை மரம். உங்க கையால திருநீறு பூசி அனுப்பிட்டீங்கன்னா அடிவாரத்துல நிறுத்திடுவோம்."

"அன்னைக்குப் பாலத்துக் கதவையும் இங்கேதான் கொண்டுவந்தாங்க."

"பூசினீங்களா?"

"கேட்டாங்க, பூசினேன். மரம் என்ன பாவம் பண்ணுச்சு?"

அம்மை கையைக் கழுவிக்கொண்டு வண்டியருகே வந்தார். கதவின்மேல் போட்டிருந்த சாக்கை விலக்கினார். ஒரு பக்கம் முழுக்கப் பலாமரம் செதுக்கியிருந்தது, பார்க்க அவ்வளவு அழகு.

"இது யாருக்கு?"

"கீழே இருந்து வர்றவங்க பார்க்கிறதுக்கு. வெறும் பக்கம் நமக்கு."

அம்மை குனிந்து வெறும் பக்கத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கு அண்ணே?"

மேல்மலையில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் தம்பி வீட்டைப் பிரித்துக்கொண்டால் நடுச்சுவரில் ஒரு கதவு விடுவார்கள். அதன் தாழ்ப்பாளைப் பிரிவு கேட்டவன் பக்கம் வைக்கமாட்டார்கள், கேட்காதவன் பக்கம்தான் வைப்பார்கள். எவ்வளவு பெரிய சண்டையானாலும் இதில் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ஆற்றுப் பாலத்தில் கரைநாட்டார் தாழ்ப்பாளைத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டபோது, மலைக்காரர்களுக்கு மிளகு போனதைவிட அதுதான் உறைத்தது. 'பிரிவு கேட்டதும் இவங்க, தாழ்ப்பாளும் இவங்க பக்கமா? அடுக்குமா இது?' என்று தவசிமுத்து மேடைக்கு மேடை கேட்டிருக்கிறார். அதற்கு வாங்கிய கைதட்டல் கொஞ்சநஞ்சமா!

இப்போது அவர் சாக்கை இழுத்துக் கதவின்மேல் போட்டார்.

"நம்ம பக்கம்" என்றார் கடைசியில்.

"யார் வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலைம்மா. ஆசாரி அவரா வெச்சார். சபையில எல்லாரும்தான் வந்து பார்த்தாங்க. நானும் பார்த்தேன். நல்ல கனமா இருக்குன்னு இழுத்துக்கூடப் பார்த்தேன்."

சொல்லும்போதே அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கப்பட்ட மனுஷனுக்குக் கோபம் வரக் கேட்க வேண்டுமா?

"அது வீட்டு வழக்கம்மா! நாடுன்னா வேற!"

"பாலத்துக் கதவுக்காரரும் இதே இடத்துல நின்னு அப்படித்தான் சொன்னார்."

"அப்போ நாங்க வாயை மூடிக்கிட்டுக் கிடக்கணுமா? அவங்க இழுத்த இழுப்புக்கெல்லாம் போகணுமா? எங்க மிளகு பாழானது பொய்யா?"

"பொய்யில்லை. நானும்தான் வேண்டாம்னு ஓட்டுப் போட்டேன்."

"பின்னே ஏன் தடுக்கறீங்க?"

"எங்கே தடுத்தேன்? தாழ்ப்பாள் எந்தப் பக்கம்னுதானே கேட்டேன்."

தவசிமுத்து மடத்துப் படியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அம்மை தண்ணீர் கொடுத்தார்.

"அலுத்துப்போச்சும்மா" என்றார். "முதல்ல போகாதேன்னு கத்தினேன். இப்போ போறேன்னு கத்தறேன். எதுக்குக் கத்தறேன்னு சில நாள் எனக்கே மறந்துபோகுது. வீட்டுக்குப் போகவே பிடிக்கலை. செம்பகத்தை நினைச்சா பயமா இருக்கு. வலி எடுத்த பிள்ளையை அடிவாரத்துல நிறுத்தி வெச்சுட்டு, காவலுக்கு நிக்கறவன் சாப்பிடப் போயிட்டான்னா நான் என்ன பண்ணுவேன்?"

அம்மை அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துகொண்டார். வண்டிமாடு இரண்டும் அசைபோட்டுக்கொண்டு நின்றன.

"சரி" என்றார் தவசிமுத்து. "வழக்கப்படியே செய்யறேன். தாழ்ப்பாளைக் கழற்றி அவங்க பக்கமே வெச்சுடறேன்னு வெச்சுக்குவோம். நாளைக்கு ஒரு கோபத்துல அவங்க அடைச்சுட்டா? தனிநாடு வாங்கின எங்க ஜனம் கதவுக்கு வெளியே நின்னு தட்டணுமா? எந்த முகத்தை வெச்சுக்கிட்டு இதை சபையில போய்ச் சொல்லுவேன்?"

"கதவுன்னு ஒண்ணு வெச்சா யாராவது ஒருத்தர் தட்டித்தான் ஆகணும் அண்ணே" என்றார் அம்மை. "நீங்க தட்டறீங்களா, செம்பகம் தட்டட்டுமா?"