மாசிலாமணி கழுவிய கற்கள்

ஒரு காட்டில், ஆறு வற்றிப்போன ஒரு கோடையில், மாசிலாமணி என்ற கரடி மீன் வளர்க்கத் தொடங்கியது. தின்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு.

மற்ற விலங்குகள் சிரித்தன. மாசிலாமணியைப் பார்த்து அவை சிரிப்பது அது முதல் முறை அல்ல. குழந்தைகளே, அந்தக் கரடிக்கு அழுக்கு என்றாலே ஆகாது. பலாப்பழத்தைக் கழுவும். படுக்கும் சருகைக் கழுவும். தேனடையைக்கூட ஓடும் தண்ணீரில் நன்றாக அலசிய பிறகுதான் வாயில் வைக்கும். அதனால் தேன் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. மெழுகு போல இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

ஆற்றின் கடைசி மடுவும் சேறாகிக்கொண்டிருந்த நாளில், அதில் துடித்துக்கொண்டிருந்த கெண்டைக் குடும்பம் ஒன்றைக் கரடி சுரைக்குடுக்கையில் அள்ளி வந்தது. அதன் குகை வாசலில் தொட்டி போலக் குழிந்த பாறை ஒன்று இருந்தது. பின்பக்கப் பாறை இடுக்கில் சொட்டுச் சொட்டாகக் கசியும் நீரைப் பிடித்துப் பிடித்து அதை நிரப்பி, மீன்களை விட்டது.

“மழை வந்து ஆறு ஓடும்வரை இங்கே இருங்கள். ஒருவர்கூடக் குறையாமல் கொண்டுபோய் விடுகிறேன்” என்றது.

“புண்ணியமாகப் போகும், அய்யா” என்றது கெண்டையக்கா. குடும்பத்தில் மூத்தது அதுதான். பேசும் பொறுப்பும் அதனுடையது.

மீன் வந்த செய்தி கொக்குக்கு எப்படித் தெரிந்ததோ, மறுநாள் காலையில் தொட்டி ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்றது.

“இவற்றைத் தொடக் கூடாது” என்றது கரடி.

“தொடுவேனா? நீங்கள் வளர்க்கும் பிள்ளைகள்” என்றது கொக்கு. “ஆனால் காட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது, அய்யா. தண்ணீரில் செத்து மிதப்பது கொக்குக்குச் சேரும். அதை மட்டும் மாற்றாதீர்கள்.”

“இங்கே எதுவும் சாகாது.”

“அப்படியானால் சரி என்று சொல்வதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?”

கரடி யோசித்துப் பார்த்தது. நஷ்டம் ஒன்றும் தெரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டது.

சில நாள் கழித்து ஓர் அதிசயம் நடந்தது. கரடி வரும்போதெல்லாம் மீன்கள் அத்தனையும் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடின. கரடிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வழியாகப் போன வாலப்பன் என்ற குரங்கைக் கூப்பிட்டுக் காட்டியது.

“பார்த்தாயா வாலப்பா? எனக்கு வணக்கம் சொல்கின்றன. நானும் பதிலுக்குச் சொல்கிறேன்” என்று குனிந்து கும்பிட்டது.

“வணக்கம் இல்லை, அய்யா” என்றது கெண்டையக்கா, இரைக்க இரைக்க. “மூச்சு முட்டுகிறது. உள்ளே காற்று இல்லை. நாங்கள் கழித்ததெல்லாம் எங்களைச் சுற்றியே கிடக்கிறது.”

கொக்கு ஓரடி நெருங்கி வந்து நின்றது.

வாலப்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காட்டில் அதைவிடச் சோம்பேறி கிடையாது. பழம் தானாகக் கையில் விழும் மரத்தடியாகப் பார்த்துத்தான் உட்காரும். ஆனால் உடம்பு வளையாமல் ஒரு வேலையை முடிக்க வழி தேடுவதில் அதன் மூளை நன்றாக ஓடும்.

“தேங்கிய தண்ணீரில் காற்று எப்படி இறங்கும்?” என்றது வாலப்பன். “ஆற்றில் தண்ணீர் கல்லில் மோதிக் குதித்து விழுகிறது, நுரைக்கிறது. இங்கேயும் குதிக்க வைக்க வேண்டும். குதிக்கும் முன் கழிவை வடிகட்டிவிட வேண்டும்.”

கரடியும் வாலப்பனும் உள்ளே குடைந்த மரத்துண்டு ஒன்றைத் தொட்டிக்கு மேலே கொடியில் கட்டித் தொங்கவிட்டன. அடியில் சிறு துளைகள் போட்டு, உள்ளே மரநாரும், காட்டுத்தீயில் மிஞ்சிய கரியும், கூழாங்கற்களும் நிரப்பின. அதுதான் வடிகட்டி. பக்கத்தில் ஒரு கவட்டைக் கிளையின் மேல் நீண்ட மூங்கிலைக் குறுக்கே வைத்தன. மூங்கிலின் ஒரு முனையில் குடுக்கை. அது தொட்டிக்குள் முங்கும். மறு முனையில் வாலப்பன். வாலப்பன் உட்கார்ந்தால் குடுக்கை தண்ணீரோடு மேலே போய் வடிகட்டியில் கவிழும். தண்ணீர் நாரிலும் கரியிலும் கல்லிலும் புகுந்து, துளை வழியாகச் சலசலவென்று தொட்டியில் விழும். விழுந்த இடமெல்லாம் குமிழி.

“வேலை என்று நினைத்தேன், இது ஊஞ்சல் அல்லவா?” என்றது கரடி.

“அதனால்தான் இதற்கு நானே வருகிறேன் என்கிறேன். கூலிக்குப் பழம் போதும். கழுவாத பழம்.”

“தருகிறேன். ஆனால் அந்தக் கல்லையும் நாரையும் தினமும் கழுவிவிட வேண்டும்.”

“அதற்கென்ன, கழுவிவிடுகிறேன்” என்று வாலப்பன் உடனே தலையாட்டியது. செய்யப்போவதில்லை என்று முடிவு செய்தவர்கள்தான் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டுவார்கள்.

தண்ணீர் முதலில் கலங்கலாகத்தான் இருந்தது. பிறகு மெல்லத் தெளிந்தது. மீன்கள் மேலே வருவதை நிறுத்தின. குஞ்சுகள் குமிழிகளைத் துரத்தி விளையாடின. கெண்டையக்காவுக்கு உடம்பு பூசினாற்போல் ஆனது. கொக்குதான் இளைத்துக்கொண்டே போனது.

ஒருநாள் கொக்கு கரடியின் காதருகே வந்தது.

“சொல்லக் கூடாது, அய்யா. பிறர் பிழைப்பில் தலையிடும் வழக்கம் எனக்கு இல்லை. இருந்தாலும், அந்த வடிகட்டிக்குள் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள்.”

கரடி கையை விட்டது. விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டது. உள்ளே இருந்த கல் ஒவ்வொன்றும் பழுப்பாக, வழுவழுவென்று, சளி பூசியது போல இருந்தது.

“வாலப்பா, இதை எப்போது கழுவினாய்?”

வாலப்பன் மூங்கிலில் படுத்தபடியே ஆடிக்கொண்டிருந்தது. “கழுவியதாக ஞாபகம்.”

“எப்போது?”

“ஞாபகம்தான் இருக்கிறது, நாள் ஞாபகம் இல்லை.”

“நீ ஒரு நாளும் கழுவவில்லை.”

“மீன்கள் நன்றாகத்தானே இருக்கின்றன?”

“இந்தச் சளிக்குள்ளா நன்றாக இருக்கின்றன?” கரடியின் உடம்பெல்லாம் கூசியது. “எழுந்து போ. இந்த அழுக்கையும் நீயே எடுத்துக்கொண்டு போய், கண்காணாத இடத்தில் கொட்டு.”

வாலப்பன் பழைய கல்லையும் நாரையும் ஒரு குடுக்கையில் போட்டுக்கொண்டு போனது.

கரடி புதுக் கற்களையும் நாரையும் பொறுக்கி, பழைய கரியோடு சேர்த்துக்கொண்டது. பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்தது, அலசியது, வெயிலில் காய வைத்தது, மறுபடி அலசி நிரப்பியது. பிறகு தானே மூங்கிலில் உட்கார்ந்தது. கரடி உட்கார்ந்தால் என்ன ஆகும்? குடுக்கை வடிகட்டியைத் தாண்டி, பக்கத்தில் இருந்த வேப்பமரத்தையும் தாண்டிப் போனது. தண்ணீர் முழுவதும் கொக்கின் தலையில் கொட்டியது.

“குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது” என்றது கொக்கு.

வேறு குடுக்கை கட்டி, ஒரு கையால் மட்டும் மூங்கிலை அழுத்தக் கரடி பழகிக்கொண்டது. தினமும் கற்களைக் கழுவியது. தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. சலசலவென்று விழுந்தது, குமிழிக்கும் குறைவில்லை.

ஆனால் மீன்கள் மறுபடி மேலே வந்தன. செவுள்கள் சிவந்திருந்தன. குஞ்சுகள் குமிழியைத் துரத்தவில்லை. இம்முறை கரடி கும்பிடவில்லை.

“இன்னும் சரியாகக் கழுவவில்லையோ என்னவோ” என்றது கொக்கு, அக்கறையாக.

கரடி காலையும் மாலையும் கழுவியது. அடுத்த நாள் ஒரு குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. சாகவில்லை, வால் மட்டும் அசைந்தது. கொக்கு தூக்கி வைத்திருந்த காலையும் கீழே ஊன்றியது.

கரடி தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டது. “ஒருவர்கூடக் குறையாமல் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னேனே, கெண்டையக்கா. நான் என்ன குறை வைத்தேன்?”

“குறை ஒன்றும் வைக்கவில்லை, அய்யா. குரங்கைவிட நீங்கள் பாடுபடுகிறீர்கள்” என்றது கெண்டையக்கா. “ஆனால் குரங்கு இருந்தவரை எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.”

“அவன் ஒரு வேலையும் செய்யவில்லையே.”

“அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.”

கரடியும் யோசித்தது. காற்று அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. கரி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அன்று இருந்து இன்று இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அதைத் தொட்ட கையைத் தான் எத்தனை தடவை கழுவினோம் என்பதும் அதன் நினைவுக்கு வந்தது.

“கெண்டையக்கா, ஆற்றுக்குள் கிடக்கும் கல் எப்படி இருக்கும்?”

“வழுவழுவென்று இருக்கும், அய்யா. அங்கே கழுவ யார் இருக்கிறார்கள்?”

கரடி ஓடியது. வாலப்பனைத் தேடிக் காடு முழுக்க அலைய வேண்டியிருக்கும் என்று நினைத்தது. குகையின் பின்பக்கம் திரும்பியதுமே, நீர் கசியும் பாறையடியில் அது படுத்திருந்தது. பக்கத்தில், கசிவு சொட்டிக்கொண்டிருந்த இடத்தில், அந்தக் குடுக்கை அப்படியே இருந்தது. கல்லும் நாரும் சொட்ட நனைந்து, முன்னைவிட வழுவழுப்பாக.

“இதைக் கண்காணாத இடத்தில் கொட்டச் சொன்னேனே?”

“தூரமாக இருந்தது. இங்கேயே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்” என்றது வாலப்பன்.

கரடி குடுக்கையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கியது. சளி மார்பில் வழிந்தது. துடைக்கவில்லை. தான் கழுவிய கற்களை அள்ளி எறிந்துவிட்டு, பழைய நாரையும் கற்களையும் ஒவ்வொன்றாக, தூங்கும் குட்டியை இறக்குவது போல வடிகட்டிக்குள் வைத்தது.

அந்த வழுவழுப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்கள், குழந்தைகளே. மீனின் கழிவை விஷமாக விடாமல் தின்று தீர்ப்பது அவற்றின் பிழைப்பு. அவற்றைத்தான் கரடி கொட்டச் சொன்னது; புதிதாக ஒட்டியவற்றையும் பூந்திக்கொட்டை போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தது.

அன்று முழுவதும் வாலப்பன் மறுபடி மூங்கிலில் ஏறி ஆடியது, தண்ணீர் விழுந்தது. கொக்கும் கரடியும் சாய்ந்து கிடந்த அந்த ஒரு குஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தன; வேண்டுதல்தான் வேறு வேறு. மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் குஞ்சு நிமிர்ந்தது. ஒரு குமிழியை முட்டிப் பார்த்தது. பிறகு துரத்தியது.

கொக்கு ஒரு காலைத் தூக்கிக்கொண்டது. சற்று நேரம் நின்றுவிட்டு, “எனக்கு வேறு வேலை இருக்கிறது” என்று சொல்லிப் பறந்துபோனது.

“வாலப்பா, நீ மறுபடி வேலைக்கு வந்துவிடு” என்றது கரடி.

“இப்போது ஆடிக்கொண்டுதானே இருக்கிறேன்?”

“இது ஒரு வேலை. இன்னொன்றும் இருக்கிறது. அதற்குத் தனிக் கூலி.”

“என்ன வேலை?” வாலப்பனின் முகம் வாடியது.

“வடிகட்டியைக் கழுவாமல் இருக்கிற வேலை. என்னையும் கழுவ விடக் கூடாது.”

“அதை நான் பரம்பரையாகச் செய்து வருகிறேன், அய்யா” என்றது வாலப்பன்.

மழை வந்தது. ஆறு ஓடியது. கரடி சொன்ன சொல் தவறாமல் கெண்டைக் குடும்பத்தை ஒருவர்கூடக் குறையாமல் கொண்டுபோய் விட்டது. திரும்பும் வழியில், கூட வந்த வாலப்பன் ஒரு தேனடையைப் பிய்த்து நீட்டியது. கரடி அதை வாங்கிக்கொண்டு, பழக்கத்தில் ஆற்றை நோக்கி இரண்டடி வைத்தது. நின்றது. திரும்பி வந்து, அப்படியே வாயில் போட்டது.

கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டே இருந்தது.

“என்ன ஆயிற்று, அய்யா?” என்றது வாலப்பன்.

“இத்தனை வருஷமாக” என்றது கரடி, விரலை நக்கிக்கொண்டே, “இதையா நான் ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தேன்?”

நீதி: ஒன்று என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளும் முன், அதை அழுக்கு என்று கழுவிக் கொட்டிவிடாதே.