இருபது கிழங்கும் எழுதாத ஓலையும்

மலையடிக் காட்டில் சடையன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். கரடியாரிடம் கிழங்கு தோண்டும் வேலை. பத்துக் கிழங்கு கூலி என்றால் ஒன்பதுதான் கைக்கு வரும். மிச்சம் ஒன்றைக் கரடியார் வரிக்கென்று பிடித்து, சடையன் பேரிலேயே சிங்கராஜாவின் களஞ்சியத்தில் போட்டுவிடுவார். கரடியார் மேல் தப்பில்லை. எவன் வருஷத்துக்கு எவ்வளவு சம்பாதிப்பான் என்று முன்கூட்டித் தெரியாதே! அதனால் எல்லோரிடமும் பிடிக்கச் சொல்லி ராஜா உத்தரவு.

வருஷத்துக்கு முந்நூறு கிழங்குக்கு மேல் சம்பாதித்தவர்கள், ஆடி பிறப்பதற்குள் ஓலையில் கணக்கெழுதிக் கொடுத்து வரி கட்ட வேண்டும். இது காட்டுச் சட்டம்.

ஆனி மாதம் வந்தது. களஞ்சிய வாசலில் வரிசை நின்றது. சடையன் ஒரு நாளும் ஓலை எழுதியவன் இல்லை. எழுதாவிட்டால் தண்டனை என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். சட்டம் தெரிந்தவர் நரியார்தான் என்று அவரிடம் ஓடினான்.

"நான் கணக்கு எழுத வேண்டுமா ஐயா?"

"வருஷக் கூலி எவ்வளவு?"

"இருநூறு கிழங்கு."

"வேண்டியதில்லை. போய் வேலையைப் பார்."

தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று சடையன் திரும்பினான். வந்தவன் சும்மா வந்தானா? தன்னோடு வேலை செய்யும் பெருச்சாளி வரிசையில் நிற்பதைப் பார்த்து, இருநூறு கிழங்குக்காரனுக்கு எதற்கப்பா இந்தப் பெரிய மனுஷ வேஷம் என்று கேலி வேறு செய்தான். பெருச்சாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வரிசை நகர்ந்தது, அதுவும் நகர்ந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மண் சேறானது. கரடியார் வேலையை நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார். சடையன் வளையில் இரண்டே இரண்டு கிழங்கு இருந்தது. அவன் மனைவி செண்பகம் வாயும் வயிறுமாக இருந்தாள். பாவம், இரண்டு உயிருக்குத் தின்ன வேண்டியவள், அரைக் கிழங்கைத் தின்றுவிட்டுப் பசியில்லை என்றாள்.

அப்போதுதான் சடையனுக்குத் தன் கூலியில் பிடித்துவைத்த கிழங்குகளின் ஞாபகம் வந்தது. நனைந்துகொண்டே களஞ்சியத்துக்குப் போனான். அங்கே கணக்கர் கீரியார் ஏட்டைப் புரட்டினார்.

"இருபது கிழங்கு. உன் பேரில்தான் இருக்கிறது."

"கொடுங்கள் ஐயா, புண்ணியமாகப் போகும்."

"எப்படிக் கொடுப்பது? உனக்கு வரி கிடையாது என்று நீ எழுதித் தந்தால்தானே பிடித்ததைத் திருப்ப முடியும்? நீ ஓலையே தரவில்லை. கெடுவும் முடிந்துவிட்டது."

"எழுத வேண்டியதில்லை என்று நரியார் சொன்னாரே!"

"சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எழுதக் கூடாது என்று சொன்னாரா?"

பெருச்சாளி தன் இருபதை ஆவணியிலேயே எடுத்துப் போய்விட்டது என்று, யாரும் கேட்காமலே கீரியார் தெரிவித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கிழங்குகள் குவிந்திருந்தன. சிலது முளைவிட்டிருந்தது.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தவன் நடந்ததைச் சொன்னான். செண்பகம் அழவில்லை, திட்டவுமில்லை.

"நரியாரிடம் என்ன கேட்டீர்கள்?"

"எழுத வேண்டுமா என்று கேட்டேன்."

"எழுதினால் நமக்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டீர்களா?"

அதை அவன் கேட்கவே இல்லை. வேண்டியதில்லை என்றதும் அத்தோடு திரும்பி வந்தவன்தானே! செண்பகம் எழுந்தாள். அவன் எவ்வளவோ தடுத்தும் கேட்காமல், நிறைவயிற்றோடு அந்த மழையில் அவளே கிழங்கு தேடி மண் தோண்டப் போனாள்.

ஒரு காரியம் கட்டாயமா என்று மட்டும் கேட்டு நிற்காதே. அதைச் செய்தால் உனக்கு வந்து சேர வேண்டியது ஏதும் உண்டா என்றும் சேர்த்துக் கேள்.