மாவில் எழுந்த வீடு

முன்னொரு காலத்தில், செங்கல் மலிந்து அனுமதி மட்டும் கிராக்கியாக இருந்த ஒரு ராஜ்யத்தில், ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. தான் பார்த்து ஒப்பாத வீடு ஒன்றுகூடத் தன் ஊரில் நிற்கக் கூடாதாம். தண்டோரா போட்டாயிற்று.

கட்டடக் கண்காணி திருவேங்கட ராயருக்கு அது போதாதா? மனுவோடு வந்தவரிடமெல்லாம், ராஜா பார்க்க வேண்டுமே, வீடு எங்கே என்பார். கட்டினால்தானே காட்ட முடியும் என்றால், அனுமதியில்லாமல் கட்டினால் கசையடி என்பார்.

வீடு தீயில் போன உப்பு வியாபாரி குயிலம்மையும் இப்படித்தான் திரும்பினாள். பிள்ளைகளோடு கோயில் மண்டபத்தில் படுக்கை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சுவர் எழும்பாது. அவளுக்காக அரண்மனை விகடன் செவ்வந்தியப்பன் போய்க் கேட்டான். ராஜாவைச் சிரிக்க வைப்பவன் என்பதாலேயே அவனைக் கண்டால் ராயருக்கு ஆகாது. மனுவைத் தொடக்கூட இல்லை.

செவ்வந்தியப்பனுக்கு அந்த ஆணையே வேடிக்கையாகப் பட்டது. வீடு என்பது எங்கேதான் தொடங்குகிறது? கடைக்காலிலா, கூரையிலா? யோசித்துக்கொண்டே போனவன் அரிசிமாவு வாங்கினான். குயிலம்மையின் காலி மனையில் வாசல், கூடம், அடுக்களை என்று முழு அளவில் கோடிழுத்தான். அடுக்களைக் கோட்டுக்குள் அடுப்பை மூட்டி, புதுவீடு புகுகிறவர்களைப் போல ஊரைக் கூட்டிப் பால் காய்ச்சச் சொன்னான்.

செய்தி காதில் விழுந்ததுதான் தாமதம், ராயர் மனைப் பக்கம் எட்டியும் பார்க்காமல் சபைக்கு ஓடினார். "மகாராஜா, அனுமதியின்றி வீடு கட்டிப் பாலும் காய்ச்சுகிறார்கள். அடியேன் கண்ணாரக் கண்டேன்."

ராஜா பல்லக்கில் வந்து இறங்கி மனைக்குள் காலெடுத்து வைத்தார். செவ்வந்தியப்பன் பதறியவன்போல் கைகூப்பினான். "பிரபு, சுவரில் மோதிக்கொள்வீர்கள். வாசல் இந்தப் பக்கம்."

ராஜா மாவுக்கோட்டையும் ராயரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுவா ஓய் வீடு?"

ராயர் அப்போதுதான் குனிந்து மாவுக்கோட்டைப் பார்த்தார்.

"வீடுதான் என்றால் தாங்கள் பார்த்தாயிற்று, ஒப்பலாம்," என்றான் செவ்வந்தியப்பன். "வீடில்லை என்றால், கட்டாத வீட்டுக்குக் கசையடி யாருக்கு? ராயர் கண்ணாரக் கண்டது எதை என்றுதான் எனக்கு விளங்கவில்லை."

ராஜாவுக்கு ஆவல் தொற்றிக்கொண்டது. வாசல் வழியாக வந்து கூடத்தை அளந்து நடந்தார். வாடைக்காற்று வரும் வடக்குப் பக்கம் ஏன் ஜன்னலே இல்லை என்று கேட்டார்.

"சாரல் அடிச்சா உப்பு கரைஞ்சிடுமே மகாராஜா," என்றாள் குயிலம்மை.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அங்கேயே ஒப்புதல் தந்தார்; இனி எல்லா மனுவுக்கும் மாவுக்கோடே போதும் என்றார். விகடனுக்கு முத்துமாலை. ராயருக்கு, இந்த வீட்டுக் கூரை ஏறும்வரை செங்கல் எடுத்துக் கொடுக்கும் வேலை.

பாலைக் குடித்துவிட்டுப் பல்லக்கை நோக்கி நேராக நடந்தார் ராஜா.

"அது சுவருங்க," என்றாள் குயிலம்மை.

ராஜா திரும்பிவந்து, கிரீடம் இடிக்காமல் குனிந்து, வாசல் வழியாக வெளியே போனார்.