மாஸ்டரின் மேலுதடு

யாகப்பனின் கிளாரினெட்டை ஊரே கொண்டாட, பேண்டு மாஸ்டர் சவரிராயனுக்கு வயிறு எரிந்தது. யாகப்பன் மேலுதட்டைப் பல்லுக்கடியில் மடித்து வாசிப்பான். மாஸ்டரோ மேல்பல்லை நேரே மவுத்பீஸில் ஊன்றுகிறவர்.

“உதட்டை மடிக்கிறது பொக்கைவாய் வாசிப்புடா! இன்னைக்குக் கல்யாணத்துல பல்லை ஊன்றி இதே இனிமையோட வாசி. முடியலேன்னா யூனிஃபார்மைக் கழட்டிட்டுப் போ!”

காலையில் டீ குடிக்கையில் மாஸ்டர் முகம் சுளித்ததை யாகப்பன் கவனித்திருந்தான். “சரிங்க மாஸ்டர், முதல்ல சாப்பிடுங்க,” என்று மிளகாய் பஜ்ஜியை நீட்டினான்.

ஒரே கடி. மாஸ்டர் மேலுதட்டைப் பொத்திக்கொண்டு குதித்தார். பல்லை ஊன்றுகிறவருக்கு மேலுதட்டில் பல் அழுத்திப் புண் வராது என்று பேண்டு முழுக்கத் தெரியும்.

யாகப்பன் தண்ணீர் கொடுத்தான். “உதட்டை மடிச்சுப் பழகுறப்ப அப்படித்தான் எரியும், மாஸ்டர். பத்து நாள்ல சரியாயிடும்.”